போன வாரம், ஒரு மணி நேரம்

போன வாரம்
ஒரு மணி நேரமாவது
கூலிக்கோ லாபத்துக்கோ
வேலை செய்தீர்களா?

கேள்வி இவ்வளவுதான்.
ஆமென்றால் வேலையில் உள்ளவர்.
திரையைத் தொட்டதும் கட்டம் பச்சையாகும்,
அடுத்த வீட்டுக்கு நடக்கலாம்.

சுங்கை மெராந்தியில் எனக்கு எண்பது வீடுகள்.
செம்பனை ஆலைப் புகை
எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்தப் பக்கத்துப் பள்ளிச் சட்டைகள்
கொடியிலேயே நரைத்துவிடுகிற ஊர்.

நாசி லெமாக் விற்கும் பூங்காவனம்
வாழையிலையைத் துடைத்தபடி திருப்பிக் கேட்டார்:
"எந்த ஒரு மணி நேரம்?
சம்பல் வதக்குறதா, விக்கிறதா,
விக்காம நிக்கிறதா?"
கையேட்டைப் புரட்டினேன்.
லாபத்தை எண்ணி நின்றால்
நிற்பதும் வேலைதான்.
பச்சை.

யுகேந்திரன் விடியலில் லோரிக்குக் குலை ஏற்றுகிறான்.
மதியம் டயர் கடை.
இரவு மோட்டாரில் யார் யாருக்கோ சாப்பாடு.
"இதுல முதன்மை வேலை எது?"
"எதுல காசு வருதோ அது."
"எதுல வருது?"
சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினான்.
அறிக்கையில் அவன் ஒருவன்.
தூக்கம் மட்டும் மூன்று பேருக்குப் பாக்கி.

லோகேஸ்வரி வேலை தேடவில்லை.
மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.
சக்கர நாற்காலியை வேனில் ஏற்றி, இறக்கி,
நாலு மணி நேரம் காத்திருந்து, மறுபடி ஏற்றி.
தேடாதவரை வேலையற்றவர் என்று எழுத முடியாது.
உழைப்பாளர் எண்ணிக்கைக்கு வெளியே உள்ளவர் என்றேன்.
"வெளியேன்னா எங்க?" என்றார்,
ஒரு கையால் பிரேக்கைப் போட்டுக்கொண்டே.

ஆலைக்குப் பின்னால் கொங்சியில் பதினாறு பேர்.
என் பட்டியலில் அது வீடில்லை.
கதவு திறந்தே இருந்தது, பருப்பு கொதித்தது,
ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார்.
அவர்கள் வெட்டிய குலைகள் மட்டும்
டன் கணக்கில்
வேறொரு அறிக்கைக்குள் போய்விடுகின்றன.

சம்பளக் கேள்வியில்தான் குரல் இறங்கும்.
டிவியைக்கூடக் குறைப்பார்கள்.
சராசரி என்பது
தோட்ட மேனேஜரும் உதிரிப்பழம் பொறுக்கும் அஞ்சுகமும்
ஒரே மேசையில் உட்கார்ந்து
இரண்டு சம்பளத்தையும் கொட்டிக் கலந்து
ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது.
அப்படி ஒரு மேசை இந்த ஊரில் இல்லை.

தவுக்கே ஆ லெக்கிடம் வேறு கணக்கு.
அட்டையில் 555 போட்ட கடன் புத்தகத்தை
டஜன் டஜனாக வாங்கி வைத்திருக்கிறார்.
ஒரு டஜன் நாலு மாதம் தாங்கினால் நல்ல காலம்.
"இப்ப ஆறு வாரம்தான்லா."
எண்ணெய் போத்தல் வாங்கியவர்கள்
பாக்கெட்டுக்கு மாறும் நாளையும்
கடைச் சீட்டின் பின்பக்கம் குறித்திருக்கிறார்.
பத்திரிகையில் வளைகோடு சரிவதற்கு
ஒரு காலாண்டு முன்பே
அவருடைய அலமாரி சரிந்துவிடும்.
தீபாவளி மாதத்தை மட்டும் சேர்க்கமாட்டார்.
"அந்த மாசம் எல்லாரும் பொய் சொல்லும்" என்பார்.

பட்டியலில் என் வீடும் விழுந்தது.
சொந்த வீட்டை நானே எடுக்கக்கூடாதாம்.
பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒரு பையன் வந்தான்,
வியர்த்திருந்தான்,
என்னிடம் இருப்பதே போன்ற கழுத்து அட்டை.

"போன வாரம்
ஒரு மணி நேரமாவது..."
"செஞ்சேன்."
"என்ன வேலைக்கா?"
"இதே கேள்விய எண்பது வீட்ல கேக்குறது."

ஒப்பந்தம் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது.
அதைக் கேட்க அவனிடம் கட்டம் இல்லை.
நானும் சொல்லவில்லை.
பச்சை.

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.
திரையை அணைத்தான்.
"அக்கா, ஒரு வீட்டுக்கு
உங்களுக்கு எவ்ளோ தர்றாங்க?"

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.
தாழ்த்தித்தான் அவனும் சொன்னான்.
ஒன்றரை வெள்ளி வித்தியாசம்.

எவனுக்குக் கூட என்று கேட்காதீர்கள்.
மழை இருட்டிக்கொண்டு வந்தது.
அவனுக்கு இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்தது.